சாய்ஸ் லிஸ்ட்டில் எதை முதலில் போடுவது?

ஒவ்வொரு வருடமும் பொறியியல் கவுன்சலிங் நெருங்கும்போது சொந்தக்காரர்கள், பழைய நண்பர்கள் என்று பலரிடமிருந்தும் எனக்கு ஒரே கேள்விதான் வரும். “பையன் கட்-ஆஃப் 178. கிண்டியில கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கப் போறதில்லைன்னு தெரியும். ஆசைக்கு அதை முதல்ல போட்டா ஒரு சாய்ஸ் வீணாப் போயிடுமா? அதுக்குள்ள அடுத்த காலேஜ் சீட்டை வேற யாராவது எடுத்துட்டா?”

கேட்பவர்களுக்கு விவரம் போதாது என்று நான் நினைக்கவில்லை. இந்தப் பயம் முழுக்க நியாயமாக இருந்த ஊர்கள் உண்டு. அங்கே உண்மையான ஆசையை முதலில் எழுதியவர்கள் நிஜமாகவே ஏமாந்தார்கள். ஆக, பட்டியலில் உண்மையை எழுதலாமா கூடாதா என்பது பையனுடைய மதிப்பெண்ணைப் பொறுத்த விஷயம் இல்லை. பட்டியலை வாங்கிக்கொண்டு இடத்தை ஒதுக்கும் முறை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. நான் பிழைப்புக்கு நிரல் எழுதுகிறவன் என்பதால் இந்தக் கேள்வியைத் தோண்டிப் பார்க்கும் ஆசை வந்தது. சில வருடங்களாகச் சேர்த்த குறிப்புகளை இங்கே ஒழுங்குபடுத்தி வைக்கிறேன்.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு ஒற்றைச் சாளர முறை 1997-இல் வந்தது. என் வயதுக்காரர்கள் பலருக்கு அது நினைவிருக்கும். அழைப்புக் கடிதத்தோடு, அப்பாவோ மாமாவோ துணைக்கு வர, கன்னியாகுமரியிலிருந்தும் சென்னைக்கு ரயிலேறி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் காத்திருக்க வேண்டும். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்பது திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். தரவரிசைப்படி உள்ளே கூப்பிடுவார்கள். உங்கள் முறை வரும்போது மிச்சம் இருப்பதில் பிடித்ததை எடுத்துக்கொண்டு போகலாம். அவ்வளவுதான்.

பொருளியல் ஆட்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் கொஞ்சம் மிரட்டலானது: வரிசைச் சர்வாதிகாரம். முதல் ரேங்க்காரர் தன் முறைக்குச் சர்வாதிகாரி, அடுத்து இரண்டாம் ரேங்க்காரர், இப்படியே கடைசிவரை. கேட்க எரிச்சலாக இருந்தாலும் இதில் ஒரு பெரிய நிம்மதி உண்டு. திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. இருப்பதில் எது பிடிக்கும் என்று மட்டும் யோசித்தால் போதும்.

2018-இல் இது இணையத்துக்குப் போனது. இப்போது நீங்கள் நேரில் போக வேண்டாம், உங்களுக்குப் பதிலாக உங்கள் பட்டியல் போகிறது. கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கிறது. உங்கள் முறை வந்ததும் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கிறது. முதல் வரியில் இடம் இருக்கிறதா? பொதுப் பிரிவில் இல்லையென்றால் உங்கள் சமூகப் பிரிவில்? இல்லையா, இரண்டாவது வரி. அதுவும் இல்லையா, மூன்றாவது. கிடைத்த இடத்தில் நிறுத்திவிட்டு அடுத்த மாணவருக்குப் போகிறது.

இப்போது அந்த 178 கட்-ஆஃப் பையனுக்கு வருவோம். கிண்டியை முதலில் போட்டதால் என்ன ஆகிறது? கணினி அந்த வரியைப் படித்து, இடம் இல்லை என்று கண்டு, அடுத்த வரிக்குப் போகிறது. அந்தக் கணத்தில் வேறு யாரும் உள்ளே வருவதில்லை, ஏனென்றால் அவன் முறை இன்னும் முடியவில்லை. 30 கிடைக்காத கல்லூரிகளை வரிசையாகப் போட்டுவிட்டு 31-ஆவதாகக் கிடைக்கக்கூடியதைப் போட்டாலும் அவனுக்கு முன்னால் இருந்தவர்கள் எடுத்தது மாறாது, பின்னால் இருப்பவர்கள் முந்தவும் முடியாது. பட்டியலின் வரிசை அவனுடைய முறைக்குள் மட்டும்தான் வேலை செய்கிறது. எனவே மனதில் உள்ள வரிசையைத் தவிர வேறு எதை எழுதினாலும் நஷ்டம் அவனுக்குத்தான். இதற்குக் கணிதம்கூடத் தேவையில்லை, இதுவே நிரூபணம்.

நான் பார்த்தவரை நிஜமான ஆபத்து வேறு: பட்டியலைச் சின்னதாக வைப்பது. “இதெல்லாம் எப்படியும் கிடைச்சிரும்” என்று பத்து வரியோடு நிறுத்துகிறார்கள். அந்தப் பத்தும் போய்விட்டால் கணினி கருணை காட்டாது. இன்னொன்று கல்லூரிக் குறியீட்டு எண்ணைத் தவறாகப் போடுவது. ஒரே மாதிரிப் பெயரில் எத்தனை கல்லூரிகள் இருக்கின்றன என்று பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும்.

இடையில் ஒரு சின்ன விலகல். இந்த முறை வேலை செய்ய எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்த வேண்டும், சமமானவர்கள் இருக்கக் கூடாது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பிக்கும்போது 200-க்கு ஒரே கட்-ஆஃப் எடுத்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். பாட மதிப்பெண்களை எல்லாம் ஒப்பிட்டும் தீராவிட்டால் கடைசியில் கைகொடுப்பது ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் முன்கூட்டியே கொடுக்கப்படும் 10 இலக்க ராண்டம் எண். அதாவது குலுக்கல். உத்திரமேரூர்க் கல்வெட்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், 30 குடும்புகளிலிருந்தும் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள் அல்லவா, அதே சரக்குதான். ஒரு வித்தியாசம்: அவர்கள் குலுக்கலுக்கு முன்பே தகுதியைக் கறாராக வடிகட்டினார்கள். வயது, நிலம், கல்வி எல்லாம் பார்த்து, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் ஒதுக்கிவிட்டுத்தான் குடத்தைக் குலுக்கினார்கள்.

சரி, பயம் நியாயமாக இருந்த ஊருக்கு வருவோம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். அரசுப் பள்ளிகளில் குழந்தைகளைச் சேர்க்கப் பெற்றோரிடம் விருப்பப் பட்டியல் வாங்கினார்கள். முதல் சுற்றில் ஒவ்வொரு பள்ளியும் தன்னை முதல் விருப்பமாகப் போட்டவர்களை மட்டும் பார்க்கும். பக்கத்தில் வீடு, அக்கா அண்ணன் அங்கே படிப்பது என்று சில முன்னுரிமைகள் உண்டு, அதன்படி இடம் கொடுத்து முடித்துவிடும். மிச்சம் இருந்தால்தான் இரண்டாவது விருப்பமாகப் போட்டவர்களுக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதிகம் பேருக்கு முதல் விருப்பமே கிடைத்தது என்று அறிக்கையில் சொல்லிக்கொள்ளவும் வசதி.

இதை நம் ஊருக்கு மாற்றி ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று கல்லூரிகள்: கிண்டி, கோவை, மதுரை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு இடம். மூன்று பேர்: மலர் முதல் ரேங்க், கதிர் இரண்டாவது, செல்வி மூன்றாவது. மலருக்கும் கதிருக்கும் கிண்டி, கோவை, மதுரை என்ற வரிசையில் ஆசை. செல்விக்குக் கோவை, பிறகு மதுரை, கடைசியாகக் கிண்டி.

பாஸ்டன் முறைப்படி முதல் சுற்றில் கிண்டிக்கு மலரும் கதிரும் போட்டி. மலருக்குக் கிடைக்கும். கோவையை முதலில் போட்டவர் செல்வி மட்டும்தான், அவருக்குக் கோவை உறுதி. இரண்டாவது சுற்றில் கதிர் கோவைக்குப் போனால் கதவு மூடியிருக்கிறது. மிச்சம் மதுரை. செல்வியைவிட ரேங்க் மேலே இருந்தும், கோவை வேண்டும் என்று ஆசைப்பட்டும் கதிருக்கு அது இல்லை. அவன் செய்த குற்றம் கிண்டியை முதலில் எழுதியது. “கிண்டி கிடைக்காது, பேசாம கோவையையே முதல்ல போட்டுடு” என்று யாராவது சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான். நம் பெற்றோர் பயப்படுவது இதற்குத்தான். பயப்படும் முறை தவறில்லை, ஊர்தான் வேறு.

பாஸ்டனில் விவரமான பெற்றோர் சிலர் குழுவாகக் கூடி, எந்தப் பள்ளியை எந்த இடத்தில் போட வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். அந்தக் குழுக்களோடு தொடர்பில்லாத குடும்பங்கள் மனதில் இருந்ததை அப்படியே எழுதி நஷ்டப்பட்டன. எனக்கு இதில் உறுத்துவது இந்தப் பகுதிதான். விதிமுறை எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் விதியின் சூட்சுமம் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் விளைவு வேறு. 2003-இல் அத்திலா அப்துல்காதிரோலு, தைஃபூன் சோன்மெஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இந்தக் குறையைக் கட்டுரையாக எழுத, 2005-இல் பாஸ்டன் அந்த முறையையே கைவிட்டது. சீனாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் எழுதும் காவ்காவ் தேர்விலும் பல மாகாணங்கள் நெடுங்காலம் இதே ரகத்தைத்தான் வைத்திருந்தன. முதல் விருப்பம் தவறிப்போனால் நல்ல மதிப்பெண் இருந்தும் பாதாளத்தில் விழ வேண்டியதுதான். அங்கும் 2000-க்குப் பிறகு ஒவ்வொரு மாகாணமாக மாற்றிக்கொண்டார்கள்.

பாஸ்டன் எதற்கு மாறியது? அந்தக் கதை டாக்டர்களிடம் தொடங்குகிறது. 1940-களில் அமெரிக்க மருத்துவமனைகளுக்குப் பயிற்சி மருத்துவர்கள் போதவில்லை. நல்ல மாணவர்களைப் பிடிக்க மருத்துவமனைகள் முந்திக்கொண்டு, படிப்பு முடிய இரண்டு வருடம் இருக்கும்போதே வேலை கொடுத்தன. இதைத் தடுத்ததும் வேறு கூத்து ஆரம்பமானது: கடிதம் கிடைத்த சில மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கை நழுவிப்போகும். கடைசியில் எல்லோரும் பட்டியலைக் கொடுங்கள், ஒரே இடத்தில் பொருத்திவிடலாம் என்று முடிவானது. 1951-இல் ஒரு ஒத்திகை நடந்தது. அந்த ஒத்திகை முறையைப் படித்துப் பார்த்த மாணவர்கள், கிடைக்க வாய்ப்புக் குறைவான மருத்துவமனையை முதலில் எழுதினால் நமக்குத்தான் அடி என்று கண்டுபிடித்துச் சண்டை போட்டார்கள். முறை மாற்றப்பட்டது. 1952-இல் முதல் ஒதுக்கீடு மாற்றிய முறையில்தான் நடந்தது. இதற்கான கணிதக் கட்டுரை வந்தது 1962-இல், டேவிட் கேலும் லாய்ட் ஷாப்லியும் எழுதியது. பத்து வருடம் முன்பே மாணவர்கள் பிழையைப் பிடித்துவிட்டார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

கேல்-ஷாப்லி முறையின் சாரம் ஒரே வரி: யாருக்கும் உடனே உறுதி கொடுக்காதே. அதே மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். மலரும் கதிரும் கிண்டியைத் தட்டுகிறார்கள். கிண்டி மலரைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு கதிரைத் திருப்பி அனுப்புகிறது. கோவை செல்வியைத் தற்காலிகமாக வைத்திருக்கிறது. இப்போது கதிர் கோவையைத் தட்டினால் கதவு மூடவில்லை. கோவை இருவரையும் ஒப்பிட்டு, ரேங்க் மேலே உள்ள கதிரை வைத்துக்கொண்டு செல்வியை விடுகிறது. செல்வி மதுரைக்குப் போகிறார். திருப்பி அனுப்ப ஆளே இல்லை என்ற நிலை வரும்போதுதான் எல்லாம் உறுதியாகிறது. முதலில் கிண்டியைத் தட்டியதால் கதிர் எதையும் இழக்கவில்லை. நிரலாக எழுதினால் ஒரு வரிசையும் ஒரு வைல் லூப்பும்தான், 30 வரிக்குள் முடியும். இதன் தொடர்ச்சியான வேலைகளுக்காக ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012-இல் பொருளியல் நோபல் கிடைத்தது. கேல் 2008-லேயே காலமாகிவிட்டார்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தட்டுவது யார் என்பது முக்கியம். தட்டுகிற பக்கத்துக்குத்தான் உண்மை சொல்வதில் முழுப் பாதுகாப்பு. டாக்டர்கள் ஒதுக்கீட்டில் பல ஆண்டுகள் மருத்துவமனைகள் தட்டும் வகையில் இருந்ததைப் பிறகு ராத் குழுவினர் மாற்றியமைத்தார்கள். 1998 முதல் விண்ணப்பதாரர் பக்கத்திலிருந்து தட்டப்படுகிறது.

நமக்கு எதற்கு இவ்வளவு சிக்கல், ரேங்க் வரிசையே போதாதா என்று கேட்கலாம். வரிசை ஒன்றாக இருக்கும்வரை போதும். கேல்-ஷாப்லியும் அப்போது அதே விடையைத்தான் தரும். ஆனால் ஐஐடிக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு ரேங்க், என்ஐடிக்கு ஜேஇஇ மெயின் ரேங்க். ஒன்றில் மேலே இருப்பவர் மற்றொன்றில் கீழே இருக்கலாம். யாரை முதலில் கூப்பிடுவது? 2015-க்கு முன் இரண்டும் தனித்தனியாக நடந்தன. ஒரே மாணவருக்கு இரண்டு பக்கமும் இடம் கிடைக்கும், ஒன்றில் சேர்வார், மற்றது காலியாகும், அது தெரியவருவதற்குள் வகுப்பே தொடங்கியிருக்கும். 2015-இல் ஜோசா வந்து இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்த்தது. உள்ளே ஓடுவது கேல்-ஷாப்லி வகையறாதான், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு ஏற்ப விரித்து எழுதியது.

ஜோசாவில் இடம் கிடைத்ததும் ஃப்ரீஸ், ஸ்லைடு, ஃப்ளோட் என்று மூன்றில் ஒன்றைக் கேட்பார்கள். ஃப்ரீஸ் என்றால் இதுவே போதும். ஸ்லைடு என்றால் அதே கல்லூரிக்குள் மேலே போட்ட பிரிவு கிடைத்தால் மாற்று. ஃப்ளோட் என்றால் மேலே போட்டது எது கிடைத்தாலும் மாற்று. மாறினால் கையில் இருந்தது போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. இங்குதான் பட்டியலை யாரோ சொன்ன வரிசையில் நிரப்பியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மனதார எழுதிய பட்டியலாக இருந்தால் ஃப்ளோட்டில் பயமே இல்லை, ஏனென்றால் மேலே உள்ள எதுவும் கையில் இருப்பதைவிட உங்களுக்குப் பிடித்ததுதான்.

தமிழ்நாட்டு முறையிலும் இதற்கு இணையான வழிகள் உண்டு: ஏற்றுச் சேர்வது, ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருப்பது, கிடைத்ததை விட்டுவிட்டு மேலே மட்டும் பார்ப்பது, அடுத்த சுற்றுக்குப் போவது, ஒரேயடியாக விலகுவது. ஆனால் நம் முறையில் ஓர் ஓட்டை இருக்கிறது, அது பட்டியலில் இல்லை, சுற்றுகளில் இருக்கிறது. ரேங்க்கை வெட்டிச் சுற்று சுற்றாக நடத்துகிறார்கள். முதல் சுற்றில் ஒருவர் கிண்டியில் இடம் எடுத்துவிட்டு, பிறகு நீட் ரேங்க்கில் மருத்துவம் கிடைத்துப் போகிறார் என்று வையுங்கள். அந்தக் காலி இடம் முதல் சுற்று முடிந்தபின் வந்தால் அடுத்த சுற்றுக்காரர் கைக்குத்தான் போகும். முதல் சுற்றில் அதே இடத்துக்கு ஆசைப்பட்டு, கிடைக்காமல் வேறு ஊரில் சேர்ந்த நல்ல ரேங்க் மாணவி அதைப் பார்த்து வயிறெரிவதில் முழு நியாயம் உண்டு. இதை அந்தப் பெண் எந்தத் தந்திரத்தாலும் சரிசெய்ய முடியாது. மருத்துவம், ஐஐடி, மாநிலப் பொறியியல் மூன்றின் கால அட்டவணையும் ஒத்துப்போனால்தான் தீரும். வேலை செய்ய வேண்டியது அரசுகள்.

பட்டியலின் நீளத்துக்கு வரம்பு வைத்தாலும் உண்மைக்கு ஆபத்து வரும். நியூயார்க் நகரம் 2003-இல் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையை இதே முறைக்கு மாற்றியது. அதற்கு முந்தைய முறையில் சுமார் 30,000 பிள்ளைகள் தாங்கள் எழுதவே எழுதாத பள்ளிகளில் தள்ளப்பட்டிருந்தார்கள். புதிய முறை அதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. ஆனால் அதில் 12 பள்ளிகள்தான் எழுத முடிந்தது. 20 பள்ளிகளை விரும்பிய பிள்ளை எந்த 12 என்று கணக்குப் போட்டாக வேண்டியிருந்தது. நம் பொறியியல் பட்டியலில் இந்த வரம்பு இல்லை. எனவே சோம்பேறித்தனத்தைத் தவிர வேறு சாக்கு இல்லை.

உண்மையைச் சொல்லவே விடாத பட்டியலும் உண்டு, அது தெரியாமல் அல்ல, வேண்டுமென்றே. ஐஏஎஸ் தேர்வானவர்களை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்க 2017-இல் மத்திய அரசு அறிவித்த கொள்கையில் 26 பணித் தொகுதிகள் ஐந்து மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டன. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஒரு மண்டலம். அந்தக் கொள்கைப்படி முதலில் மண்டலங்களை வரிசைப்படுத்த வேண்டியிருந்தது. பிறகு முதல் மண்டலத்திலிருந்து ஒரு மாநிலம், இரண்டாவதிலிருந்து ஒன்று என்று ஐந்து மண்டலமும் சுற்றி வந்த பின்தான் மீண்டும் முதல் மண்டலம். தமிழ்நாடு, இல்லாவிட்டால் கேரளம், இல்லாவிட்டால் கர்நாடகம் என்று விரும்பிய மதுரைப் பெண்ணால் அதை அந்தப் படிவத்தில் எழுதவே முடியவில்லை. தமிழ்நாட்டுக்கு அடுத்து அவர் வடக்கிலோ கிழக்கிலோ ஒரு மாநிலத்தைப் போட்டாக வேண்டியிருந்தது. அதிகாரிகள் சொந்த ஊர்ப் பக்கமே தேங்கிவிடக் கூடாது என்பது அரசின் எண்ணம். அகில இந்தியப் பணி என்றால் அப்படித்தான் இருக்க முடியும் என்று எனக்கும் தோன்றுகிறது. விருப்பத்தைக் கேட்பது ஒரு நோக்கம், விருப்பத்தைக் கலைப்பது இன்னொரு நோக்கம், படிவம் ஒரே மாதிரி இருப்பதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

கடைசியாக, எந்த நிரலாலும் முடியாத ஒன்று. 1986-இல் ராத் ஒரு தேற்றத்தை நிரூபித்தார், கிராமப்புற மருத்துவமனைத் தேற்றம் என்றே அதற்குப் பெயர். ரேங்க்கை மதிக்கிற, யாருக்கும் நியாயமான பொறாமைக்கு இடமில்லாத ஓர் ஒதுக்கீட்டில் ஒரு கிராம மருத்துவமனைக்கு ஆள் நிரம்பவில்லை என்றால், அதே பட்டியல்களை வைத்து அத்தகைய வேறு எந்த ஒதுக்கீட்டைச் செய்தாலும் அதற்குக் கிடைக்கப் போவது அதே ஆட்கள்தான், கூட ஒருவர்கூட வரமாட்டார். நிரலை எப்படித் திருப்பிப் போட்டாலும் பயனில்லை, பட்டியலே மாற வேண்டும். பட்டியல் மாற அங்கே போவதால் ஏதாவது கிடைக்க வேண்டும். தமிழ்நாடு இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது: அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மருத்துவ மேற்படிப்பில் 50 சதவீத உள் ஒதுக்கீடு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில வருடம் இருந்தால் மேற்படிப்புக்கு வழி என்றாகும்போது, யாரும் எழுதாத ஊர் பெயரும் ஒரு இளம் டாக்டரின் பட்டியலில் ஏறுகிறது. இந்திய மருத்துவ கவுன்சில் விதிகளைக் காட்டி இந்த உரிமை கேள்விக்குள்ளானபோது, மாநிலங்கள் அப்படி ஒதுக்கலாம் என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கமும் ஒன்று.